'ஆக' வருமிடமெல்லாம் வினையடை அன்று

பினாங்கில் தமிழ்ப்பள்ளியில் படித்துவிட்டு மலேசியாவின் இடைநிலைப்பள்ளி இறுதித் தேர்வான எஸ்.பி.எம். ஆங்கிலத் தாளுக்குத் தயாராகும் மாணவர்கள் பெயர்ச்சொல், பெயரடை, வினையடை ஆகிய மூன்றையும் குழப்பிக்கொள்வதற்கு ஆங்கிலப் பயிற்சிக் குறைவு மட்டும் காரணமன்று. தமிழ் அறிவே சில இடங்களில் அவர்களை ஏமாற்றிவிடுகிறது.

அழகு, அழகான, அழகாக என்று தமிழில் ஈற்றைக் கொண்டே மூன்றையும் பிரித்தறியலாம். இவற்றுக்கு இணையாக ப்யூட்டி, ப்யூட்டிஃபுல், ப்யூட்டிஃபுல்லி என்று சொல்லிக்கொடுப்பது நல்ல தொடக்கமே. சிக்கல் 'இரு' என்னும் வினையில்தான் தொடங்குகிறது. 'அவள் அழகாக இருக்கிறாள்' என்று நாம் சொல்வதால், ஆங்கிலத்திலும் வினையடை வேண்டும் என்றெண்ணி 'ஷி இஸ் ப்யூட்டிஃபுல்லி' என்று எழுதிவிடுகிறார்கள். அங்கே அழகு அவளைக் குறிக்கிறதே தவிர எந்தச் செயலையும் குறிக்கவில்லை. ஆகவே பெயரடையான ப்யூட்டிஃபுல்தான் வர வேண்டும். லுக், ஸ்மெல், டேஸ்ட், ஃபீல் ஆகிய வினைகளும் ஒரு பொருளின் தன்மையைச் சொல்லும்போது இவ்வாறே நடக்கும். சோறும் குழம்பும் விற்கும் நாசி கண்டார் கடையைக் கடக்கையில் குழம்பு 'நன்றாக மணக்கிறது' என்கிறோம். ஆங்கிலத்தில் அது 'ஸ்மெல்ஸ் குட்'. சமைத்தவரைப் பாராட்டினால் மட்டும் 'குக்ஸ் வெல்', ஏனெனில் அது அவர் சமைக்கும் விதத்தைச் சொல்கிறது.

மலாய் இன்னொரு பக்கம் இழுக்கிறது. அதில் 'செப்பாட்' என்ற ஒரே சொல் வேகமான வண்டிக்கும் வேகமாக ஓடுவதற்கும் பொருந்துவதால், 'ஸ்பீக்ஸ் ஃப்ளூயன்ட்' என்று எழுதுவது பிள்ளைகளுக்குத் தவறாகத் தோன்றுவதில்லை. கடைத்தெருப் பேச்சில் யாரும் கண்டுகொள்ளமாட்டார்கள். விடைத்தாளில் ஃப்ளூயன்ட்லி வேண்டும்.

'லி' ஈற்றை மட்டும் நம்புவதும் ஆபத்து. ஃப்ரெண்ட்லி, லோன்லி, காஸ்ட்லி ஆகியவை பெயரடைகள். ஃபாஸ்ட் என்பது மாறாமலே இரு வேலையும் செய்யும். கடினமாக என்ற பொருளில் வினையடையாக வருவதும் ஹார்ட் தான். ஹார்ட்லி என்றால் 'அநேகமாக இல்லை' என்று பொருள். வேலை விண்ணப்பத்தில் 'ஐ ஹார்ட்லி வொர்க்' என்று எழுதுபவர், தாமறியாமலே ஒப்புதல் வாக்குமூலம் கொடுத்துவிடுகிறார்.

பெயர்ச்சொல்லுக்கு முன் நிற்பதெல்லாம் பெயரடை என்பதும் பிழையே. சிக்கன் ரைஸில் சிக்கன் பெயர்ச்சொல்லாகவே நிற்கிறது. ஐயம் வந்தால் முன்னே 'வெரி' சேர்த்துப் பார்க்கலாம்: 'வெரி ஹாட் ரைஸ்' பொருந்தும், 'வெரி சிக்கன் ரைஸ்' பொருந்தாது.