ரோஜா அடுக்கு சக்குலண்ட்: தண்ணீரைக் குறைக்கும் முன் வெளிச்சத்தைப் பாருங்கள்

இலைகள் வட்டமாக, அடுக்கடுக்காக விரியும் சக்குலண்ட் (சதைப்பற்றான இலையில் தண்ணீரைச் சேர்த்துவைக்கும் செடி) செத்துப்போனால் எல்லாரும் ஒரே காரணம்தான் சொல்வார்கள்: தண்ணீர் அதிகம். அது பாதி உண்மைதான். நல்ல வெயிலில் இருக்கும் செடி சில நாளில் குடித்து முடிக்கிற அதே தண்ணீர், அறை மூலையில் இருக்கும் செடியின் வேரைச் சுற்றி வாரக்கணக்கில் தேங்கிக் கிடக்கும். அதனால் முதலில் இடத்தைச் சரிசெய்யுங்கள், தண்ணீர்க் கணக்கு அப்புறம்.

அதற்கும் முன்னால், வைத்திருப்பது என்ன செடி என்று தெரிந்துகொள்வது நல்லது. எச்சவேரியா பெரும்பாலும் மெக்சிகோவின் மலைச்சரிவுகளைச் சேர்ந்தது, வெயில் வேண்டும், உறைபனி ஆகாது. செம்பர்விவம் ஐரோப்பிய மலைச் செடி, பனிக்கு அடியில் கிடந்துகூடப் பிழைக்கும், ஆனால் புழுக்கமான வெப்பத்தில் திணறும். ஹாவொர்த்தியா தென்னாப்பிரிக்காவில் புதர் நிழலிலும் பாறை இடுக்கிலும் வளர்வது, சுள்ளென்ற வெயிலில் வைத்தால் செம்பழுப்பாகிச் சுருங்கிவிடும். ஏயோனியம் கோடையில் தூங்கும், குளிர்ந்த மாதங்களில் வளரும். கடையில் நான்கையும் ஒரே தட்டில் அடுக்கி 'சக்குலண்ட்' என்று ஒரே சீட்டு ஒட்டி விற்கிறார்கள், அதை நம்பி நான்குக்கும் ஒரே வைத்தியம் செய்யாதீர்கள்.

எச்சவேரியாவுக்குத் தினம் ஐந்தாறு மணி நேரம் வெயில் கிடைத்தால் நல்லது, அதுவும் காலை வெயில் என்றால் கவலையே இல்லை. வெளிச்சம் போதவில்லை என்றால் செடியே காட்டிக்கொடுத்துவிடும்: நடுத்தண்டு நீளும், இலைகளுக்கு நடுவே இடைவெளி விழும், இலை நுனிகள் கீழ்நோக்கி வளையும், நிறம் வெறும் பச்சையாகும். நீண்ட தண்டு திரும்பக் குறுகாது, எவ்வளவு வெயிலில் வைத்தாலும் சரி. ஆனால் இதைப் பார்த்துப் பதறி உள்ளே இருந்த செடியை ஒரே நாளில் உச்சி வெயிலுக்குத் தள்ளினால் இலை வெந்துபோகும், அந்தத் தழும்பும் அந்த இலை விழும்வரை போகாது. ஒன்றிரண்டு வாரம் எடுத்துக்கொண்டு கொஞ்சம் கொஞ்சமாக வெயிலுக்குப் பழக்குங்கள்.

இலை மேலே வெள்ளை மாவு பூசினதுபோல் இருந்தால் அது தூசு இல்லை, செடியே சுரக்கும் மெழுகு. கடும் வெயிலைத் தடுக்க, தண்ணீரை வழியவிட உதவுவது அதுதான். துணியால் துடைத்து 'பளபள' என்று ஆக்கிவிட்டால் அந்த இலையில் மறுபடி முழுதாக வராது, விரல் ரேகைகூட நிரந்தரமாக நிற்கும். தொட்டியைப் பிடித்துத் தூக்குங்கள், செடியைத் தொடாதீர்கள்.

தண்ணீருக்கு 'வாரம் ஒரு முறை' மாதிரியான அட்டவணை எதுவும் வேண்டாம். மண் அடிவரை காய்ந்ததா என்று ஒரு குச்சியைச் செருகிப் பாருங்கள். காய்ந்திருந்தால் அடித்துளை வழியே வழியும்வரை ஊற்றுங்கள், தட்டில் நிற்பதைக் கொட்டிவிடுங்கள். ஸ்பிரே அடிப்பது வீண், வேருக்குப் போகாது, இலை அடுக்குக்குள் மட்டும் தேங்கும். நடுக்குருத்தில் தண்ணீர் நின்றுவிட்டால் ஊதியோ டிஷ்யூ பேப்பரால் ஒற்றியோ எடுத்துவிடுங்கள். கீழ் இலைகள் தளர்ந்து சுருங்கினால் பெரும்பாலும் தாகம். மஞ்சளாகி, கண்ணாடிபோல் ஊடுருவித் தெரிந்து, தொட்டதும் கழன்று விழுந்தால் தண்ணீர் அதிகம். குழப்பமாக இருந்தால் ஊற்றாமல் காத்திருங்கள். காய்ந்த செடியை மீட்கலாம், அழுகினதை மீட்பது கஷ்டம். அடியில் ஓரிரு இலை காகிதம்போல் காய்வது வழக்கமான வயசுக் கோளாறுதான், கிள்ளி எடுத்துவிட்டால் போதும்.

மண் கலவையில் பாதிக்குப் பாதி பெர்லைட், ப்யூமிஸ் (இரண்டும் எடை குறைந்த எரிமலைக் கல் துகள்கள்) அல்லது பொடி ஜல்லி இருக்கட்டும். பொடி மணல் வேண்டாம், இறுகிவிடும். தொட்டி மண்தொட்டியாக, செடியைவிடக் கொஞ்சமே பெரிதாக, அடியில் துளையோடு இருக்க வேண்டும். அடியில் கூழாங்கல் பரப்பினால் தண்ணீர் நன்றாக வடியும் என்பது பழைய நம்பிக்கை. உண்மையில் ஈரம் கல்லுக்கு மேலே உள்ள மண்ணில்தான் தங்கி நிற்கும், வேருக்கு இன்னும் பக்கத்தில்.

நெருக்கமான இலையடுக்குதான் மாவுப்பூச்சிக்கும் பிடித்த ஒளிவிடம். இலையிடுக்கில் பஞ்சு மாதிரி தெரிந்தால் செடியைத் தனியே ஒதுக்கி, 70 சதவீத ஐசோப்ரொப்பைல் ஆல்கஹாலில் நனைத்த பட்ஸால் ஒற்றி எடுங்கள், வெயிலில் வைத்தபடி செய்யாதீர்கள், வாரம் ஒரு முறை திரும்பப் பாருங்கள். வேரிலும் ஒளிந்திருக்கும் ஆசாமிகள் இவை.

நீண்டுபோன எச்சவேரியாவுக்கு ஒரே வழி தலையை வெட்டுவதுதான், மனசு கேட்காது, ஆனாலும் வெட்டுங்கள். வெட்டின தலைக்கு அடியில் இரண்டு மூன்று சென்டிமீட்டர் தண்டு விட்டு, நிழலில் சில நாள் வெட்டுவாய் உலரவிட்டு, காய்ந்த கலவை மேல் உட்காரவையுங்கள். வேர் விட்ட பிறகு தண்ணீர். மிச்சத் தண்டையும் வெளிச்சத்திலேயே விட்டுவையுங்கள், பக்கத்தில் குட்டிகள் முளைக்கும். தனி இலையிலிருந்தும் வளர்க்கலாம், ஆனால் இலையை அடியோடு, கிழியாமல் பக்கவாட்டில் அசைத்து எடுக்க வேண்டும், பாதியில் ஒடிந்தது முளைக்காது. ஏயோனியத்தில் இலை வேலைக்காகாது, தண்டுதான்; செம்பர்விவத்துக்குப் பக்கக் கன்றுகளே போதும்.

செம்பர்விவம் பூத்தால் அந்த அடுக்கு அத்தோடு காய்ந்துவிடும், ஏயோனியத்திலும் பெரும்பாலும் அப்படித்தான். உங்கள் பராமரிப்பில் குறை இல்லை, அதன் சுபாவமே அது, சுற்றியுள்ள கன்றுகள் அந்த இடத்தைப் பிடித்துக்கொள்ளும். எச்சவேரியா பூத்தால் சாகாது. பூந்தண்டில் அசுவினி மொய்க்க ஆரம்பித்தால் மட்டும் யோசிக்காமல் நறுக்கிவிடுங்கள்.