டிரம் மெஷினில் மிஸ்ர சாபு: பதினாறு கட்டத்தைப் பதினான்காக வெட்டும் முறை

தாள அடிகளை எழுதிவைத்து ஓடவிடும் டிரம் மெஷினைப் பெட்டியிலிருந்து எடுத்ததும் எல்லோரும் ஒரே வேலையைத்தான் செய்கிறார்கள். அதன் பதினாறு கட்டங்களில் 1, 5, 9, 13 ஆகியவற்றில் கிக்கை, அதாவது கனத்த அடியை, வைத்துவிட்டு ஓடவிடுகிறார்கள். தும், தும், தும், தும். அதில் குற்றம் ஒன்றும் இல்லை. ஆனால் சுவாமி புறப்பாட்டில் தவிலுக்குப் பின்னாலேயே நடந்து வளர்ந்த தஞ்சாவூர், திருவாரூர், மயிலாடுதுறைக்காரர்கள் அந்த நான்கு தட்டிலேயே ஏன் நின்றுவிட வேண்டும்? ஏழு எண்ணிக்கை கொண்ட மிஸ்ர சாபுவும் ஐந்து எண்ணிக்கை கொண்ட கண்ட சாபுவும் நம் காதுக்குப் பழக்கம். இயந்திரத்துக்குச் சொல்லித்தர வேண்டும், அவ்வளவுதான். இந்தப் பாடத்தில் அதைச் செய்யப் போகிறோம். தாளம் போடத் தெரிந்தால் போதும், மின்னணு இசை முன்பின் தெரிந்திருக்க வேண்டியதில்லை.

எதை வாங்குவது

ஒரு டிரம் மெஷின், மின்சுற்றால் ஸ்வரம் எழுப்பும் ஒரு சிறிய சின்தசைசர். இரண்டிலும் 16 கட்டங்கள் கொண்ட ஸ்டெப் சீக்வென்சர், அதாவது கட்டம் கட்டமாக ஒலியை எழுதிவைத்துச் சுற்றி ஓடவிடும் பகுதி, இருக்க வேண்டும். கட்டங்களின் எண்ணிக்கையைக் குறைக்கும் வசதி டிரம் மெஷினில் கட்டாயம் இருக்க வேண்டும். வாங்குவதற்கு முன் கேட்க வேண்டிய முக்கியமான கேள்வி இதுதான். பெயர் கருவிக்குக் கருவி மாறும்: லாஸ்ட் ஸ்டெப், லெங்த், ஆக்டிவ் ஸ்டெப். கோர்க் நிறுவனம் 2013-இல் கொண்டுவந்த வோல்கா வரிசையில் பீட்ஸ் என்பது டிரம், பாஸும் கீஸும் சின்தசைசர்கள். கைக்கு அடக்கம், ஆறு ஏஏ பேட்டரியில் ஓடும், உள்ளேயே ஸ்பீக்கர் உண்டு. மழைக்காலத்தில் மின்சாரம் போனாலும் பயிற்சி நிற்காது. அந்தக் குட்டி ஸ்பீக்கரில் கிக்கின் அடிநாதம் கேட்காது என்பதால் ஹெட்போன் அவசியம்.

மெல்லிசைக் குழுக்களில் பார்க்கும் ரிதம் பேட் வேறு வகை. அது கையால் அடித்து வாசிப்பது. நாம் பேசுவது எழுதிவைத்து ஓடவிடும் கருவி.

தனித்தனிப் பெட்டிகளைக் கம்பியால் இணைத்து வாசிக்கும் மாடுலர் சின்தசைசர் வேண்டாமா என்று கேட்பீர்கள். சுவர் நிறையக் கம்பிகள் தொங்கும் படங்களைப் பார்த்தால் எனக்கும் கை அரிக்கத்தான் செய்யும். இப்போதைக்கு வேண்டாம். அங்கே ஒலி எழுப்புவது ஒரு பெட்டி, வடிகட்டுவது இன்னொன்று, சத்தத்தை ஏற்றி இறக்குவது மற்றொன்று. மூன்றையும் வாங்கி, மின்சாரத்துக்கு ஒரு சட்டமும் வாங்கினால்தான் முதல் சத்தமே வரும். யூரோராக் என்ற மாடுலர் வகைப் பெட்டியின் பட்டைக் கம்பியில் சிவப்புக் கோடு உள்ள ஓரம் மைனஸ் 12 வோல்ட் பக்கம் இருக்க வேண்டும். திருப்பிச் செருகினால் பெட்டி கருகிவிடக்கூடும். ஆசை அடங்காவிட்டால் விசிவி ராக் என்ற இலவச மென்பொருளைக் கணினியில் நிறுவி, திரையில் கம்பி இழுத்துப் பழகுங்கள்.

முதல் படி: மின்சாரமும் கம்பியும்

அடாப்டரின் மீது, முனையின் நடுவில் பிளஸா மைனஸா என்று காட்டும் ஒரு சிறிய வட்டப் படம் இருக்கும். வோல்காவுக்கு 9 வோல்ட், நடுவில் பிளஸ். கிட்டார் பெடல்களுக்கான பெரும்பாலான அடாப்டர்களும் அதே 9 வோல்ட்தான், ஆனால் நடுவில் மைனஸ். முனை கச்சிதமாகப் பொருந்துகிறது என்பதற்காகச் செருகிவிடாதீர்கள்.

முதலில் கருவி, கடைசியில் ஆம்பிளிஃபயர் என்ற வரிசையில் போடுங்கள், அணைக்கும்போது தலைகீழாக. அறுவடைக் காலத் தூசி திருகுகளுக்குள் இறங்கினால் திருப்பும்போதெல்லாம் கரகரக்கும், எனவே வேலை முடிந்ததும் துணி போட்டு மூடுங்கள். ஐப்பசி, கார்த்திகை ஈரத்துக்கு மூடிய டப்பாவும் சிலிக்கா ஜெல் பொட்டலமும் போதும்.

இரண்டாம் படி: கையால் எண்ணுங்கள்

பொத்தானைத் தொடும் முன் வாயால் சொல்லுங்கள்: தகிட தக திமி. மூன்று, இரண்டு, இரண்டு, ஆக ஏழு. அழுத்தம் விழும் இடங்கள் 1, 4, 6.

இனி அதைக் கட்டமாக்குவோம். எண்ணிக்கை ஒன்றுக்கு ஒரு கட்டம் என்று வைத்தால் நடுவில் சிறு சொற்கள் போட இடமே இருக்காது. எண்ணிக்கைக்கு இரண்டு கட்டம் கொடுங்கள். ஏழு இரண்டு பதினான்கு. முதல் எண்ணிக்கை கட்டம் 1, நான்காவது எண்ணிக்கை கட்டம் 7, ஆறாவது கட்டம் 11. இந்த மூன்று எண்களையும் மனதில் ஏற்றிக்கொள்ளுங்கள்.

டெம்போவை 60-இல் வையுங்கள். நிமிடத்துக்கு 60 தட்டு, தட்டுக்கு 4 கட்டம். ஒரு கட்டம் கால் விநாடி, பதினான்கு கட்டம் கொண்ட ஓர் ஆவர்த்தனம் மூன்றரை விநாடி. கை போடத் தோதான வேகம்.

மூன்றாம் படி: வெட்டி நிரப்புதல்

கட்டங்களின் எண்ணிக்கையை 14 ஆக்குங்கள். வோல்காவில் ஆக்டிவ் ஸ்டெப்புக்குள் போய் 15, 16 இரண்டையும் அணைக்க வேண்டும். ஓடவிட்டால் விளக்கு 14-ஐத் தாண்டி நேராக 1-க்கு வரும்.

ஹை-ஹாட்டை 1, 3, 5, 7, 9, 11, 13 ஆகியவற்றில் வையுங்கள். இந்தச் சிறு தட்டு ஒலிதான் நம் ஜால்ரா, ஏழு எண்ணிக்கையையும் சொல்லிக்கொண்டே இருக்கும். கிக் 1-இல் மட்டும். படபடவென்ற கூர்மையான அடியான ஸ்நேர் 7, 11. இதை நிறைய நேரம் கேளுங்கள், கூடவே கையைப் போடுங்கள். கை தானாக விழத் தொடங்கிய பிறகு 6-இல் ஒரு கிக்கைச் சேருங்கள். ஸ்நேருக்கு அரை எண்ணிக்கை முன்னால் விழும் அந்த ஒற்றை அடியில் தாளத்துக்கு நடை வந்துவிடும். அதற்கு மேல் அடைக்காதீர்கள். கட்டம் காலியாக இருப்பதைப் பார்த்தால் புதியவர்களுக்குப் பொறுப்பதில்லை.

நான்காம் படி: ஒலியைச் செதுக்குதல்

ரோலண்ட் 1980-இல் வெளியிட்ட டிஆர்-808-இல் பதிவுசெய்த ஒலி எதுவும் கிடையாது. மின்துடிப்பு ஒன்று சுற்றைத் தட்டும். சுற்று அதிர்ந்து அடங்கும். வோல்கா பீட்ஸின் கிக், ஸ்நேர், சுருதியுள்ள முரசு ஒலியான டாம் எல்லாம் இதே வழிதான். அதனால்தான் திருகைத் திருப்பினால் தோலை இழுத்துக் கட்டியதுபோலச் சுருதி மாறுகிறது.

தவிலின் தொப்பியைப் பூவரசங்கழியால் அடிக்கிறார்கள். அந்தக் கழியின் முதல் தாக்கு வேண்டுமானால் கிக்கில் கிளிக் திருகை ஏற்றி, ஒலி அடங்கும் நேரத்தைச் சொல்லும் டிகே திருகைப் பாதிக்கும் கீழே இறக்குங்கள். நீண்டு முழங்கினால் அது நடனக் கூடத்துக் கிக். வலந்தலையில் கூடு போட்ட விரல்கள் விழும் சொல்லுக்கு ஸ்நேரின் சுருதியை மாற்றும் பிட்ச் திருகை மேலே, டிகே கீழே, இரைச்சலைக் கூட்டும் ஸ்னாப்பி கொஞ்சமாக. அச்சு அசலாகத் தவில் வராது, வரவும் வேண்டாம். இரண்டு பக்கமும் தனித்தனியாகப் பேசுகின்றனவா என்று மட்டும் பாருங்கள்.

ஐந்தாம் படி: இரண்டாவது கருவியோடு கணக்கு

டிரம் மெஷினின் சிங்க் அவுட்டிலிருந்து சின்தசைசரின் சிங்க் இன்னுக்கு 3.5 மில்லிமீட்டர் கம்பி. அதில் ஓடுவது ஒலி அல்ல, வேகத்தைச் சொல்லும் துடிப்பு. கோர்க் கருவிகளில் இரண்டு கட்டத்துக்கு ஒரு துடிப்பு. வேறு நிறுவனக் கருவி பாதி வேகத்திலோ இரட்டை வேகத்திலோ ஓடினால் கம்பியைச் சந்தேகிக்காமல் இந்த எண்ணை அமைப்பில் மாற்றுங்கள்.

இந்தத் துடிப்பு வேகத்தை மட்டுமே சொல்கிறது, சுற்றின் நீளத்தைச் சொல்வதில்லை. எனவே டிரம் 14 கட்டத்திலேயே இருக்கட்டும். சின்தசைசரில் ஒரு சிறு ஸ்வரக் கோவையை 16 கட்டத்துக்கு எழுதுங்கள். இரண்டும் ஒன்றாகத் தொடங்கும். அடுத்த சுற்றில் ஸ்வரம் ஒரு எண்ணிக்கை தள்ளித் தொடங்கும், அதற்கடுத்து இரண்டு. இரண்டும் மறுபடி சமத்தில், அதாவது சுற்றின் முதல் தட்டில், சேர 112 கட்டம் ஆகும்: டிரம்முக்கு எட்டு ஆவர்த்தனம், ஸ்வரத்துக்கு ஏழு சுற்று. நம் வேகத்தில் 28 விநாடி. விலகி விலகிப் போய் அது வந்து சேரும் இடத்தில் தலை தானாக ஆடும்.

ஆறாம் படி: சுருதி

நாயனத்துக்கு ஒத்து ஊதுவதுபோல நம் தாளத்துக்கும் அடியில் ஒரு சுருதி ஓடட்டும். ஸ்வரக் கோவைக்கு ஒரு சின்தசைசர், சுருதிக்கு இன்னொன்று இருந்தால் நல்லது. இல்லாவிட்டால் இந்தப் படியில் கோவையை நிறுத்திவிடுங்கள். சின்தசைசருக்குள் ஒலி எழுப்பும் பகுதியான ஆசிலேட்டர்களில் ஒன்றை ஷட்ஜத்திலும் மற்றொன்றைப் பஞ்சமத்திலும் பிடித்து வையுங்கள். இரண்டு கட்டைச் சுருதி என்றால் கீபோர்டில் டி, பஞ்சமம் ஏ. கீபோர்டில் அடுத்தடுத்த இரண்டு கட்டைகளுக்கு இடையிலான தூரத்தை நூறு சென்ட் என்று கணக்கிடுவார்கள்; அது தரும் பஞ்சமம் 700 சென்ட். சுத்தமான பஞ்சமம் 702 சென்டுக்குக் கொஞ்சம் கீழே. வித்தியாசம் சிறிது, ஆனால் நீண்டு ஒலிக்கும்போது அலையடிப்பது தெரியும். அலை அடங்கும்வரை பஞ்சமத்தைத் துளி துளியாக ஏற்றுங்கள்.

அனலாக் ஆசிலேட்டர் சூட்டில் நகரும். சித்திரை வெயிலில் கருவியைப் போட்டவுடன் சுருதி சேர்ப்பது வீண்வேலை. கால்மணி நேரம் ஓடவிட்டுப் பிறகு சேருங்கள்.

ஏழாம் படி: தீர்மானம்

ஒரு சொல்லை மூன்று முறை சொல்லிச் சமத்தில் முடிப்பது தீர்மானம். ததிகிணதொம் என்பது ஐந்து எழுத்து. மூன்று முறை சொன்னால் பதினைந்து. நம் சுற்று பதினான்கு. கட்டம் 1-இல் தொடங்கினால் கடைசித் தொம் பதினைந்தாவது கட்டத்தில், அதாவது அடுத்த ஆவர்த்தனத்தின் சமத்தில் விழும்.

இதுவரை எழுதியது முதல் பாட்டர்ன், அதாவது கட்டங்களில் எழுதிய ஒரு சுற்று. புதிய பாட்டர்ன் ஒன்றை 14 கட்டத்துக்கு எடுங்கள். த, ண இரண்டுக்கும் ஸ்நேர்: 1, 4, 6, 9, 11, 14. தி-க்கு உச்ச டாம்: 2, 7, 12. கி-க்கு ஹை-ஹாட்: 3, 8, 13. தொம்முக்குக் கிக்: 5, 10. மூன்றாவது தொம்மை எழுத வேண்டாம். முதல் பாட்டர்னின் கட்டம் 1-இல் அது ஏற்கெனவே இருக்கிறது.

முதல் பாட்டர்னை ஏழு சுற்று ஓடவிட்டு எட்டாவதில் இதைக் கொண்டுவாருங்கள். சின்தசைசர் 16 கட்டத்தில் ஓடிக்கொண்டிருந்தால் அதுவும் அதே சமத்தில் வந்து சேரும். சில கருவிகள் நடப்புச் சுற்று முடிந்த பிறகே பாட்டர்னை மாற்றும், சில நடுவிலேயே தாவிவிடும். உங்களுடையது எந்த வகை என்று முன்னதாகப் பார்த்துவிடுங்கள்.

ஆதி தாளத்துக்கும் இதே சொல் பொருந்தும். எண்ணிக்கைக்கு இரண்டு கட்டம் என்றால் எட்டுக்குப் பதினாறு, எதையும் வெட்ட வேண்டாம். தீர்மானத்தை 3-ஆம் கட்டத்தில் தொடங்குங்கள், தொம் 7, 12, பிறகு சமம். கண்ட சாபுவுக்குப் பத்துக் கட்டம். அங்கே இரண்டு ஆவர்த்தனம் எடுத்துக்கொண்டு முதலாவதன் 7-ஆம் கட்டத்தில் தொடங்க வேண்டும்.