பாத்திரத்தை அளந்துவிட்டு அலமாரி செய்யுங்கள்

சமையலறை வேலைக்கு யார் கூப்பிட்டாலும், இருக்கிற பாத்திரம் மொத்தத்தையும் கூடத்தில் எடுத்துப் பரப்பச் சொல்வேன். நான் மதுரைப் பக்கம் தச்சு வேலை செய்கிறவன். கைபேசியில் படத்தைக் காட்டி "இதே கலர் வேணும்ணே" என்கிறவர்கள்தான் அதிகம். கலரை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம். எது ஈரத்தோடு உள்ளே போகும், எது கனம், எதைத் தினமும் எடுப்பீர்கள் என்று தெரியாமல் பலகையை அறுக்கவே கூடாது.

பரப்பியதில் பெரிய உருப்படிகளை அளந்துகொள்ளுங்கள். குக்கரைக் கைப்பிடியோடு, இட்லிக் கொப்பரையை மூடியின் குமிழ் வரைக்கும். வெளியே தெரிகிற அகலம் டிராயருக்குள் கிடைக்காது. 24 அங்குலப் பெட்டி என்றால் இரண்டு பக்கமும் முக்கால் அங்குலப் பலகை போய்விடும். டிராயர் ஓடுகிற இரும்புத் தடமான சேனலுக்குப் பக்கத்துக்கு அரை அங்குலம். மிஞ்சுவது இருபத்தொன்றரை. கடையில் கம்பிக்கூடை 21 அங்குலத்தில் விற்பது இதற்காகத்தான். கூடையின் உயரம் 4, 6, 8 அங்குலம் என்று வரும். அதைவிட, மேலே அடுத்த கூடை வரைக்கும் எவ்வளவு இடைவெளி இருக்கிறது என்பதுதான் முக்கியம். அது குறைந்தால் குக்கர் மூடி இடித்து டிராயர் பாதியில் நிற்கும்.

கூடை வாங்கும்போது கடையில் காந்தத்தை வைத்துக் காட்டுவார்கள். "ஒட்டல பாருங்க, நயம் ஸ்டீல்." எவர்சில்வரில் மட்டமான 202 ரகமும் பெரும்பாலும் ஒட்டாது, ஆகவே அந்த வித்தையால் ஒன்றும் தெரியாது. 304 ரகத்தில் நிக்கல் 8 சதவீதத்துக்குக் குறையாது. 202-ல் நிக்கலைக் குறைத்து மாங்கனீசு சேர்த்திருப்பார்கள், உப்புத் தண்ணீர் புழங்கும் வீட்டில் அது சீக்கிரம் துருப்பிடிக்கும். பில்லில் 304 என்று எழுதி வாங்குங்கள். கம்பிகள் சேரும் வெல்டிங் முனையை விரலால் தடவிப் பாருங்கள். சொரசொரவென்று இருந்தால் துரு அங்கேதான் ஆரம்பிக்கும்.

பலகையிலும் இதே சங்கதிதான். சிங்க் அடியில் மரத்தூள் பலகை போட்டால் ஒரு கசிவுக்கே ஊதிவிடும். தண்ணீர் தாங்கும் ஒட்டுப்பலகையை "மரைன் பிளை" என்பார்கள்; வாயால் சொன்னால் போதாது, பலகையின் மேல் ஐ.எஸ். 710 என்ற இந்தியத் தர முத்திரை இருக்க வேண்டும். என்னைக் கேட்டால் சிங்க் அடியில் பெட்டியே வேண்டாம். கதவு மட்டும் போட்டு, உள்ளே குப்பைக்கூடையும் துடைப்பமும் இருக்கட்டும்.

மிக்ஸியை உள்ளே ஒளித்துவைக்கும் வழி கேட்கிறார்கள். தினமும் சட்னி அரைக்கிற வீட்டில் அது இரண்டே நாளில் மேடைக்குத் திரும்பிவிடும். மேடையிலேயே பிளக் பக்கத்தில் இடம் ஒதுக்குங்கள். மேலலமாரியை மாட்டுவதற்கு முன் பெரிய ஜாரை மிக்ஸியில் பொருத்தி, மூடியை ஒரு கையால் அழுத்திப் பாருங்கள். மணிக்கட்டு இடிக்காத உயரம்தான் சரியான உயரம். கிரைண்டரின் இடம் மேடை, இல்லாவிட்டால் தரை. மேல்தட்டில் ஏற்றாதீர்கள், கல்லோடு சேர்ந்த கனத்தைத் தூக்கி இறக்கினால் இடுப்பு போய்விடும்.

தோசைக்கல்லைக் கூடையில் படுக்கப் போட்டு மேலே நாலு பாத்திரம் அடுக்குவதைப் பார்த்தால் எனக்கே வயிறு எரியும். பழகிய கல்லின் வழவழப்பு கீறலில் போய்விடும், ஈரம் தங்கினால் துரு. அடுப்புக்குப் பக்கத்துப் பெட்டியில் மூன்று அங்குல இடைவெளியில் குறுக்குப் பலகை அடித்தால் கல், வாணலி, சப்பாத்திக் கட்டை எல்லாம் புத்தகம் மாதிரி நிற்கும். கழுவியதும் துடைத்து, ஒரு சொட்டு நல்லெண்ணெய் தடவி நிறுத்துங்கள். ஈயச் சொம்பு இருந்தால் அது தனியாக மேல்தட்டில் இருக்கட்டும். மெத்தென்ற உலோகம், எது விழுந்தாலும் நசுங்கும். குக்கரை இறுக மூடி வைக்காமல் மூடியைக் கவிழ்த்து வையுங்கள். கேஸ்கட்டைக் கதவின் உட்பக்கம் ஒரு கொக்கியில் மாட்டுங்கள், உள்ளே வாடை தங்காது.

பரணில் முறுக்கு உழக்கு, பொங்கல் பானை போன்றவை இருக்கலாம். ஸ்டூலில் நின்று ஒரு கையால் இறக்க முடியாததை ஏற்றக் கூடாது. அட்டைப்பெட்டி வேண்டாம், கரப்பானுக்கு நாமே வீடு கட்டிக் கொடுத்த மாதிரி.

கேஸ் சிலிண்டரை மேடைக்கு அடியில் வைக்கிறவர்கள் கதவின் அடிப்பகுதியில் துளை போடச் சொல்லுங்கள். கேஸ் காற்றைவிடக் கனம், கசிந்தால் தரையோடுதான் தேங்கும். மேலே மட்டும் அழகுக்கு ஜாலி வைத்து என்ன பயன்? 14.2 கிலோ சிலிண்டரை நிமிர்ந்த நிலையில் வைத்து எடுக்கத் தோதான உயரமும் வேண்டும்.

வேலை முடிந்ததும் கடைசித் தவணையைக் கொடுக்க அவசரப்படாதீர்கள் (எனக்கும் சேர்த்துத்தான் சொல்கிறேன்). கனமான பாத்திரங்களை அடுக்கி, டிராயரை முழுசாக இழுத்துப் பாருங்கள். முன்பக்கம் தொங்கினாலோ, தள்ளும்போது கரகரவென்றாலோ சேனல் அந்த எடைக்குப் பற்றாது. மாற்றிக் கொடுக்கச் சொல்லி, அதன் பிறகு பணத்தை எண்ணுங்கள்.