குழந்தை பால் குடிக்காமல் தூங்கியே வழிகிறதா? முதலில் என்ன ஊசி போட்டார்கள் என்று கேளுங்கள்

பிரசவம் முடிந்ததும் ஆணா பெண்ணா, எடை எவ்வளவு, என்ன நட்சத்திரம் என்று ஆளாளுக்குக் கேட்பார்கள். வலி எடுத்த நேரத்தில் அம்மாவுக்கு என்ன மருந்து, எத்தனை மணிக்குப் போட்டார்கள் என்று மட்டும் ஒருவரும் கேட்க மாட்டார்கள். டிஸ்சார்ஜ் வரைக்கும் காத்திருக்காமல் லேபர் வார்டு நர்ஸிடமே கேட்டு, போனில் குறித்து வையுங்கள்.

இதில் ஒரு குழப்பம் வரும். நம்மூரில் 'வலி ஊசி' என்றால் வலி வரவழைக்கும் ஆக்ஸிடோசின் டிரிப்பாகவும் இருக்கலாம், வலியைக் குறைக்கும் ஊசியாகவும் இருக்கலாம், எது என்று பெயரைக் கேட்டால்தான் தெரியும். குழந்தையை மந்தமாக்குவது பெரும்பாலும் இரண்டாவது வகை: பெத்திடின், டிரமடால், பென்டசோசின் மாதிரியானவை. நஞ்சுக்கொடி வழியாகக் குழந்தைக்கும் போய்விடும். பெத்திடின் போட்டு இரண்டு மூன்று மணி நேரத்தில் பிறக்கிற குழந்தைக்குத்தான் மயக்கம் அதிகம், அதனால்தான் நேரத்தையும் கேட்கச் சொன்னேன். அம்மா சாயங்காலமே தெளிந்து உட்கார்ந்துவிடுவாள், ஆனால் அந்த மருந்து சிதைந்து உண்டாகும் நார்பெத்திடின் குழந்தையின் உடம்பை விட்டு முழுதாகப் போக மூன்று நாளுக்கு மேல்கூட ஆகும்.

பார்த்தாலே தெரியும். கன்னத்தைத் தொட்டால் வாயைத் திறந்து திரும்ப வேண்டிய குழந்தை அசையாது. காம்பை வாயில் வைத்தால் ரெண்டு சப்பு, அப்புறம் தூக்கம். 1990இல் வெளியான ஒரு ஸ்வீடன் ஆய்வில், பெத்திடின் போட்டுக்கொண்ட அம்மாக்களின் 40 குழந்தைகளில் 25 குழந்தைகள் பிறந்த முதல் இரண்டு மணி நேரத்தில் சப்பவே இல்லை. இதைத்தான் வீட்டில் 'இவளுக்குப் பால் இல்லை' என்று முடிவு கட்டிப் பவுடர் டப்பாவைத் திறக்கிறார்கள்.

முதுகில் மெல்லிய குழாய் வைத்து வலியை மரக்கச் செய்யும் எபிடியூரலில் குழந்தைக்குப் போகும் அளவு மிகவும் குறைவு, சிசேரியனுக்கு முதுகில் போடும் ஊசியிலும் அப்படித்தான். ஆனால் கூடவே டிரிப் நிறைய ஏறியிருந்தால் குழந்தையின் பிறப்பு எடையும் தண்ணீரால் கொஞ்சம் கூடியிருக்கும், முதல் நாளே சிறுநீரில் வடிந்து எடை இறங்கும். அதைப் பார்த்துப் பதற வேண்டாம், டாக்டரிடம் டிரிப்பையும் சேர்த்துச் சொல்லுங்கள். பிரஷர் ஏறி அம்மாவுக்கு வலிப்பு வராமலிருக்க மெக்னீசியம் சல்பேட் போட்டிருந்தால் குழந்தை துவண்டு கிடக்கலாம்.

சரி, என்ன செய்வது? குழந்தையின் துணியைக் கழற்றி அம்மாவின் வெறும் மார்பில் போட்டு மேலே போர்த்துங்கள், மூக்கு தெரிய வேண்டும், அம்மாவும் மயக்கத்தில் இருப்பாள் என்பதால் பக்கத்தில் ஒருவர் கண் மூடாமல் உட்கார வேண்டும். இரண்டு மூன்று மணிக்கு ஒரு தடவை பாதத்தைத் தேய்த்து எழுப்புங்கள், முகத்தில் தண்ணீர் தெளிக்கிற வேலை வேண்டாம். சப்பவில்லையென்றால் சீம்பாலைக் கையால் பீச்சிப் பாலாடையில் எடுத்து, அதன் மூக்கை உதட்டோரம் வைத்துச் சொட்டுச் சொட்டாகச் சாய்க்க வேண்டும். விழித்திருக்கும்போது மட்டும், தூங்கும் வாயில் ஊற்றினால் புரை ஏறும். என் தங்கை குழந்தைக்கு முதல் நாள் முழுக்க இப்படித்தான் கொடுத்தோம், மறுநாள் மதியம் தானாகவே சப்பியது. சேனை வைக்கிறேன் என்று சர்க்கரைத் தண்ணீரோடு வருகிற பாட்டியை அன்பாக வாசலிலேயே நிறுத்துங்கள்.

எழுப்பியும் எழாமல் கிடந்தாலோ, உதடு நீலம் பாரித்தாலோ, மூச்சு விட்டுவிட்டு வந்தாலோ, முனகினாலோ, நிமிடத்துக்கு 60க்கு மேல் மூச்சு வாங்கினாலோ மருந்து மயக்கம் என்று சும்மா இருக்காதீர்கள், உடனே நர்ஸைக் கூப்பிடுங்கள். 24 மணி நேரமாகியும் சிறுநீர் போகாவிட்டாலும் சொல்ல வேண்டும்.

இன்னும் பிரசவமாகாதவர்கள் வலி தாங்காமல் ஊசி கேட்பதில் தப்பே இல்லை. போடுவதற்கு முன் 'என்ன ஊசி, குழந்தை பிறக்க இன்னும் எவ்வளவு நேரம் ஆகும்' என்று கேட்கும் வேலையை மட்டும் கூட வருபவரிடம் ஒப்படைத்துவிடுங்கள், அந்த நேரத்தில் உங்களால் கேட்க முடியாது.