பத்து நிமிடத்துக்கு ஒரு படம்: டிராக்கரோடு வீட்டிலிருந்து வேலை செய்வது எப்படி

நான் இருப்பது திருகோணமலை உப்புவெளியில். கணக்கு எழுதுவது லண்டனில் உள்ள ஒரு சிறிய கணக்காளர் அலுவலகத்துக்கு. அவர்களுடைய காலை 9 மணி எங்களுக்குக் கோடையில் பிற்பகல் 1.30. ஒக்டோபர் கடைசியில் அவர்கள் மணிக்கூட்டைப் பின்தள்ளினால் 2.30. அந்த நேரத்துக்கு லப்டொப்பைத் திறந்து, வேலை நேரத்தைப் பதியும் மென்பொருளான டிராக்கரைத் தொடங்கினால், நிறுத்தும் வரைக்கும் என் திரை படமாகிக்கொண்டே இருக்கும், என் கை அசைவு எண்ணப்பட்டுக்கொண்டே இருக்கும். 2019 இல், இணையத்தில் வேலை தேடித் தரும் தளமான அப்வேர்க்கில் தொடங்கி இன்றுவரை இப்படித்தான் உழைக்கிறேன். இந்த வேலைக்குப் புதிதாக வருகிற பிள்ளைகள் என்னிடம் கேட்பவற்றையும், கேட்கக் கூச்சப்படுபவற்றையும் சேர்த்தே எழுதுகிறேன்.

அது எதை எண்ணுகிறது?

டிராக்கருக்குத் தெரிந்தது கீபோர்டும் மவுஸும் அசைவது மட்டும்தான். நான் இப்போது பாவிக்கும் ஹப்ஸ்டாஃப் என்ற டிராக்கரை எடுத்துக்கொள்ளுங்கள். பத்து நிமிடம் என்றால் 600 வினாடி. அதில் 240 வினாடிகளில் ஏதாவது அசைவு இருந்தால் 40 வீதம் என்று காட்டும். ஒரே வினாடியில் எட்டு எழுத்துத் தட்டினாலும் அது ஒரு வினாடிதான். ஆகவே படபடவென்று தட்டுவதால் பயன் இல்லை. விலைப்பட்டியல் பதியும் நாளில் எனக்கு 70, 75 வரும். வங்கிக்கூற்றை வரி வரியாகப் படித்துப் பிழை தேடும் நாளில் 25 தான் வரும். மூளை கூடுதலாகக் களைப்பது அந்த 25 வந்த நாளில்தான்.

படங்களைப் பொறுத்தவரை, அப்வேர்க் பத்து நிமிடத்துக்கு ஒன்று எடுக்கும். எந்தக் கணத்தில் என்று முன்கூட்டித் தெரியாது. ஹப்ஸ்டாஃபில் பத்து நிமிடத்துக்கு மூன்று வரைக்கும் வைக்கலாம். இரண்டாவது திரை இருந்தால் அதுவும் பதிவாகும். படத்தை மங்கலாக்கும் வசதியும் உண்டு, ஆனால் அதை இயக்கும் அதிகாரம் வேலை தருபவரிடம் இருக்கிறது.

அதனால் வேலையை ஏற்கும்போதே மின்னஞ்சலில் கேளுங்கள். போனில் கேட்டது பிறகு நிற்காது. எத்தனை படம், யார் பார்ப்பார்கள், எவ்வளவு காலம் வைத்திருப்பார்கள்? எத்தனை நிமிடம் அசைவு இல்லாவிட்டால் நேரத்தை வெட்டும்? காகிதத்தில் செய்யும் வேலையை எப்படிப் பதிவது? நான் தட்டும் எழுத்துகளையே சேமிக்கிறதா, எண்ணிக்கையை மட்டுமா? கமரா தேவையா? இப்படிக் கேட்டதற்காக எனக்கு ஒரு வேலையும் போனதில்லை. பதில் சொல்ல மறுத்த ஒருவரிடம் நானே போகவில்லை.

லப்டொப்பை இரண்டாகப் பிரியுங்கள்

விண்டோஸில் வேலைக்கென்று தனியாக ஒரு பயனர் கணக்கு திறந்து, டிராக்கரை அதில் மட்டும் ஓடவிடுங்கள். அந்தக் கணக்கில் வட்ஸ்அப், முகநூல், சொந்த மின்னஞ்சல் எதுவும் வேண்டாம். வங்கிக் கடவுச்சொல்லை அங்கே ஒருநாளும் தட்ட வேண்டாம். தொடக்கத்தில் எனக்கு இது தெரியாது. அம்மாவின் இரத்தப் பரிசோதனை அறிக்கையைத் தங்கச்சி வட்ஸ்அப்பில் அனுப்ப, நான் திறந்து பார்த்த அந்த நேரம் பார்த்துப் படம் விழுந்துவிட்டது. அம்மாவின் பெயரும் வருத்தமும் முன்பின் தெரியாத ஒருவரின் கணக்கில் போய் நின்றதை நினைத்து அன்று இரவு எனக்கு நித்திரையே வரவில்லை. அப்வேர்க்கில் அப்படிப்பட்ட படத்தை நாங்களே அழிக்கலாம், ஆனால் அந்தப் பத்து நிமிடக் காசும் சேர்ந்து போய்விடும். போனால் போகட்டும், உடனே அழியுங்கள்.

ஒரு சி.ஆர். கொப்பி

எல்லாவற்றிலும் முக்கியமாக நான் நினைப்பது இதைத்தான். 2021 இல் ஒரு வாடிக்கையாளர் ஒரு கடையின் முழு வருடப் பற்றுச்சீட்டுகளையும் ஸ்கேன் செய்து அனுப்பியிருந்தார். திரையில் வாசிக்க முடியாத மங்கல். மத்திய வீதியில் ஒரு கொமியூனிகேஷனில் 140 பக்கம் அச்செடுத்து வந்து, மேசையில் பரப்பி, மாதவாரியாகப் பிரித்துச் சரிபார்த்தேன். வாரக் கடைசியில் பார்த்தால், அசைவு குறைவு என்று சொல்லி 11 மணித்தியாலத்தை வெட்டியிருந்தார். நான் சோம்பி இருந்ததாக ஒரு வரியும் எழுதியிருந்தார். அந்த வரிதான் காசை விட அதிகமாக வலித்தது.

நல்ல காலம், என்னிடம் ஒரு சி.ஆர். கொப்பி, அதாவது தடித்த அட்டை போட்ட கோடிட்ட கொப்பி, இருந்தது. அப்பா துறைமுகத்தில் வேலை செய்த காலத்தில் ஒவ்வொரு நாளும் கணக்கு எழுதிவைப்பார். அந்தப் பழக்கம் எனக்கும் வந்திருந்தது. தொடங்கிய நேரம், முடித்த நேரம், எந்தப் பக்கத்திலிருந்து எந்தப் பக்கம்வரை, என்ன பிழை கண்டேன் என்று எழுதியிருந்தேன். இரட்டையாகப் பதிந்த பற்றுச்சீட்டு மட்டும் ஒன்பது. அந்தப் பக்கங்களைப் படம் எடுத்து அனுப்பினேன். இரண்டு நாளில் 11 மணித்தியாலமும் திரும்பி வந்தது. மன்னிப்பு வரவில்லை.

அன்றிலிருந்து கொப்பி இல்லாமல் நான் டிராக்கரைத் தொடங்குவதில்லை. நீங்களும் வையுங்கள். ஒரு வேலை முடிந்ததும் ஒரு வரி போதும். 'கணக்குப் பார்த்தேன்' என்று எழுதாதீர்கள். 'மார்ச் வங்கிக்கூற்று, 212 வரி, 3 வித்தியாசம்' என்று எழுதுங்கள். வேலை முடிந்து எழும்ப முன் அந்த நாளின் வரிகளை ஒரு சிறு மின்னஞ்சலாக அனுப்பிவிடுங்கள். வாசிக்கும் வேலை வரப்போகிறது என்றால் முதலே சொல்லுங்கள்: "இன்று இரண்டு மணித்தியாலம் காகிதத்தில் வேலை, அசைவு குறைவாக இருக்கும்." முன்கூட்டிச் சொன்னது தகவல். பிறகு சொன்னால் சாட்டு என்று நினைப்பார்கள்.

எழும்புங்கள்

இதை எழுதக் கொஞ்சம் யோசித்தேன், ஆனாலும் எழுதத்தான் வேண்டும். ஐந்து நிமிடம் அசையாவிட்டால் நேரம் நின்றுவிடும் என்ற பயத்தில் நான் மாதக்கணக்கில் சிறுநீரை அடக்கி இருந்திருக்கிறேன். தண்ணீர் குடிப்பதையும் குறைத்தேன். கடைசியில் கிருமித்தொற்று வந்து, காய்ச்சலோடு ஒரு வாரம் படுத்தேன். மிச்சம் பிடித்த நிமிடங்களை விட மருந்துக்குப் போன காசு கூட. இப்போது ஒவ்வொரு மணித்தியாலமும் டிராக்கரை நானே நிறுத்திவிட்டு எழும்புகிறேன். ஏழு நிமிடம். தண்ணீர், கழிப்பறை, முற்றத்தில் ஒரு நடை. மாமி கூப்பிட்டாலும், மீன்காரர் மணி அடித்தாலும் அப்படித்தான், முதலில் நிறுத்து, பிறகு எழும்பு. கணக்கு சுத்தமாக இருந்தால் மனமும் சுத்தமாக இருக்கும். பயம் குறைந்த பிறகுதான் எனக்குப் பிழைகளும் குறைந்தன.

பக்கத்து வீட்டுத் தம்பி, கோணேசபுரி வளாகத்தில் படித்து முடித்தவன், ஒருநாள் வந்து கேட்டான்: "அக்கா, மவுஸைத் தானாக ஆட்டுற ஒரு சாமான் இருக்காம், வாங்கவா?" வேண்டாம் என்றேன். 2024 இல் அமெரிக்காவின் வெல்ஸ் ஃபார்கோ வங்கி, கீபோர்ட் இயங்குவதுபோல் போலியாகக் காட்டியதற்காகப் பத்துக்கு மேற்பட்டவர்களை வேலையிலிருந்து நீக்கியது. அசைவு 90 வீதம், பத்துப் படத்திலும் ஒரே பக்கம் என்றால் யாரும் கண்டுபிடிப்பார்கள். அதைவிட, ஒருமுறை பொய் பிடிபட்டால் பிறகு உங்கள் கொப்பியை யாரும் நம்பமாட்டார்கள்.

மாரியும் கரண்டும்

நவம்பர் முதல் ஜனவரி வரை இங்கே மழை. கரண்ட் எப்போது போகும் என்று சொல்ல முடியாது. கரண்ட் போனாலும் ரவுட்டரைக் கொஞ்ச நேரம் ஓடவைக்கும் ஒரு சிறிய மினி யூபிஎஸ் வாங்குங்கள். வாங்க முன் ரவுட்டரின் அடப்டரில் எத்தனை வோல்ட் என்று பாருங்கள், பெரும்பாலும் 12 இருக்கும். இணைப்பு போனாலும் ஹப்ஸ்டாஃப் நேரத்தைக் கணினியிலேயே சேமித்து, இணைப்பு வந்ததும் அனுப்பும். அதனால் பதறி அதிலிருந்து வெளியேறிவிடாதீர்கள். போனில் ஒரு வரி எழுதி வைத்திருங்கள்: மின்சாரம் போய்விட்டது, இத்தனை மணிக்கு, கைவசம் உள்ள கோப்பில் தொடர்கிறேன். மணியை மட்டும் மாற்றி அனுப்பினால் போதும்.

இலங்கையில் பதிந்த நிறுவனம் உங்களை ஊழியராக எடுத்தால் 1954 ஆம் ஆண்டின் கடை, அலுவலக ஊழியர் சட்டம் உண்டு. வாரத்துக்கு 45 மணித்தியாலம், அதற்கு மேல் மேலதிக நேரக் கொடுப்பனவு. தனிநபர் தரவுகளைப் பாதுகாக்க 2022 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்கச் சட்டமும் இருக்கிறது. என்னைப்போல வெளிநாட்டு வாடிக்கையாளரிடம் ஒப்பந்தத்தில் உழைப்பவர்களுக்கு நேரம், படம், கமரா எல்லாவற்றுக்கும் ஒப்பந்தத்தில் உள்ள வரிதான் துணை. அதனால் கையெழுத்து வைக்க முன் அந்த வரிகளைச் சேர்க்கச் சொல்லுங்கள்.

வேலை முடிந்ததும் டிராக்கரை நிறுத்துவதோடு விடாமல் முழுதாக மூடுங்கள். திரையின் கீழ் மூலையில் அதன் சின்னம் மறைந்துவிட்டதா என்று பாருங்கள். அப்வேர்க்கில் இருப்பவர்களுக்கு இன்னொன்று: அங்கே வாரம் முடிவது எங்கள் நேரப்படி திங்கள் அதிகாலை 5.30 மணிக்கு. பதிவைத் திருத்த அன்று மாலை 5.30 வரை நேரம் தருவார்கள். நான் ஞாயிறு காலையில், பத்திரகாளி அம்மன் கோவிலுக்குப் போய்வந்த பிறகு, கொப்பியையும் டிராக்கரின் பட்டியலையும் பக்கத்தில் வைத்து வரி வரியாக ஒப்பிடுவேன். அரை மணித்தியாலம் எடுக்கும். வித்தியாசம் இருந்தால் திங்கள் வரும் முன் எழுதிவிடுவேன்.