ஹில்ஸ்ட்ரீம் லோச்: அடையாளம் காண்பதிலிருந்து குஞ்சு எடுப்பது வரை

மதுரைப் பக்கம் குழம்பு வைக்கிற அயிரையும் லோச் வகைதான். அதற்குத் தூரத்துச் சொந்தம்தான் இந்த ஹில்ஸ்ட்ரீம் லோச். மலையோடையில் தண்ணீர் அடித்துக்கொண்டு போகிற இடத்தில், பாறையோடு பாறையாக ஒட்டிக்கொண்டு பாசியைச் சுரண்டும். மேலிருந்து பார்த்தால் குட்டித் திருக்கை மாதிரி இருக்கும். நம் மேற்குத் தொடர்ச்சி மலை ஓடைகளிலும் இதற்கு உறவுகள் உண்டு. பவானியா ஆஸ்ட்ராலிஸ் அதில் ஒன்று. பார்த்து ரசியுங்கள், பிடித்து வராதீர்கள்.

வீட்டில் குஞ்சு எடுக்க ஏற்றது வியட்நாமின் மத்தியப் பகுதி ஓடைகளைச் சேர்ந்த செவெல்லியா லினியோலாட்டா. அதை வைத்தே சொல்கிறேன்.

முதல் வேலை: கையில் இருப்பது எந்த மீன்?

இதைத் தவறவிட்டு நான் ஒரு வருஷம் வீணாக்கினேன். கடைத் தொட்டியில் ‘போர்னியோ சக்கர்’ என்று ஒட்டியிருந்தது. நான்கு வாங்கினேன். இரண்டு செவெல்லியா, இரண்டு பியூஃபோர்ட்டியா. ஜோடி சேரும் என்று காத்திருந்ததுதான் மிச்சம். இத்தனைக்கும் அந்த நான்கில் ஒன்றுகூட போர்னியோ மீன் இல்லை. பியூஃபோர்ட்டியா சீனாவைச் சேர்ந்தது. போர்னியோவில் இருப்பது காஸ்ட்ரோமைசான் என்ற வேறு இனம்.

செவெல்லியா லினியோலாட்டாவுக்குக் கரும்பழுப்பு உடம்பில் வெளிர் மஞ்சள் கோடுகள் வலை பின்னியது போல ஓடும். பியூஃபோர்ட்டியாவில் கோடு இருக்காது. உடம்பின் ஓரத்திலும் துடுப்பிலும் கரும்புள்ளிகள்தான். சூடோகாஸ்ட்ரோமைசான் என்ற இன்னொரு ஹில்ஸ்ட்ரீம் வகைக்கு உடம்பில் குறுக்குப் பட்டைகள், பல மீன்களில் முதுகுத் துடுப்பின் ஓரத்தில் சிவப்பு. சந்தேகம் வந்தால் ஒளி ஊடுருவும் பிளாஸ்டிக் டப்பாவில் விட்டு, தலைக்கு மேல் தூக்கி அடிவயிற்றைப் பாருங்கள். செவெல்லியாவின் வயிற்றுத் துடுப்புகள் இரண்டும் பின்பக்கம் ஒன்றாக இணைந்து கிண்ணம் போல இருக்கும். சூடோகாஸ்ட்ரோமைசானுக்குத் தனித்தனியாக இருக்கும்.

ஆண், பெண் பார்க்க மீன் நன்றாக வளர்ந்திருக்க வேண்டும். மேலிருந்து பாருங்கள். ஆணுக்குத் தலை முடிந்து மார்புத் துடுப்பு தொடங்குகிற இடத்தில் தோள்பட்டை போல ஒரு முனை துருத்தும். பெண்ணுக்கு அந்த வளைவு வெட்டில்லாமல் வழுக்கிக்கொண்டு போகும், உடம்பும் அகலம். கடையில் இருக்கும் சின்ன மீனில் இது தெரியாது. அதனால் ஒரே இனத்தில் ஆறு வாங்கிவிடுங்கள்; இரண்டு பாலும் அமைந்துவிட வாய்ப்பு அதிகம்.

தொட்டி

மூன்றடி நீளத் தொட்டி போதும். ஒரு ஓரத்தில் பவர்ஹெட் (தண்ணீரை வேகமாகத் தள்ளும் சின்ன பம்ப்) வைத்து, தண்ணீர் மறு ஓரம் வரை நீளவாக்கில் ஓட விடுங்கள். தொட்டித் தண்ணீர் மணிக்குப் பத்து முறையாவது சுழல வேண்டும். பவர்ஹெட்டின் உறிஞ்சும் வாயில் ஸ்பாஞ்ச் மாட்டாமல் இருக்கவே கூடாது. குஞ்சு வந்தபின் மாட்டலாம் என்று நினைத்தால், குஞ்சு வந்ததே உங்களுக்குத் தெரியாமல் போகும்.

அடியில் பட்டாணி அளவு உருண்டைக் கூழாங்கல், இரண்டு அங்குல உயரம். முட்டை அதன் இடுக்குகளில்தான் விழும். மேலே உள்ளங்கை அளவு வழவழப்பான கற்கள். மூடியும் வேண்டும், இவை ஈரக் கண்ணாடியில் ஒட்டி ஒட்டி வெளியே ஏறிவிடும்.

நம் ஊரில் உண்மையான தலைவலி சூடு. இவற்றுக்கு 20 முதல் 24 டிகிரி தோது. 20 டிகிரியில் ஒரு லிட்டர் தண்ணீரில் சுமார் 9 மில்லிகிராம் ஆக்சிஜன் கரையும். 30 டிகிரியில் ஏழரைதான். சூடான தண்ணீரில் மீன் திணறுவதற்கு இது பெரிய காரணம். தண்ணீர்ப் பரப்பின் மேல் சின்ன ஃபேன் ஒன்றை ஓட விட்டேன், கோவை ஏப்ரலில் 30 டிகிரி 27-க்கு இறங்கியது. ஆனால் ஃபேன் தண்ணீரை ஆவியாக்கித்தான் குளிர வைக்கிறது. உப்பு தொட்டியிலேயே தங்கிவிடும். குறைந்ததை போர் தண்ணீரால் நிரப்பிக்கொண்டே போனால் கடினத்தன்மை ஏறும். ஆர்ஓ தண்ணீரால் நிரப்புங்கள். கரண்ட் போனால் ஓட பேட்டரி ஏர் பம்ப் ஒன்று கட்டாயம்.

மீனுக்கு முன்னால் பாசி

புதுத் தொட்டியில் விட்ட மீன் மெல்ல மெலிந்து செத்துப்போவதுதான் வழக்கமான கதை. சுரண்ட ஒன்றும் இல்லாவிட்டால் வேறென்ன ஆகும்? மொட்டை மாடியில் ஒரு பிளாஸ்டிக் டப்பில், தொட்டியில் மாற்றிய பழைய தண்ணீரை ஊற்றி, பத்துப் பன்னிரண்டு கற்களைப் போட்டு வெயிலில் வையுங்கள். பச்சைப் படலம் பிடித்ததும் இரண்டு கல்லைத் தொட்டிக்குள் இறக்கி, சுரண்டித் தீர்ந்த இரண்டை மாடிக்கு அனுப்புங்கள். காலையில் வைத்த கல்லில் சாயங்காலம் பார்த்தால் விரல் நகம் அகலத்துக்கு வெள்ளைத் தடங்கள் ஓடியிருக்கும். டப்பில் கொசு வராமல் மேலே வலை கட்டுங்கள். கூடவே வாரம் சில நாள் உறைந்த ரத்தப்புழு, அமிழும் வேஃபர் (மீன் தீனி வில்லை) கொடுக்கலாம்.

முட்டை

ஒரு மீன் இன்னொன்றின் மேல் ஏறிப் படுத்து, இரண்டும் சுற்றிச் சுற்றி நகரும். இதைப் பார்த்து ‘ஜோடி சேருது’ என்று குதிக்காதீர்கள். அது இடச்சண்டை, பெரும்பாலும் காயம் ஆகாது. உண்மையான இணைசேர்க்கையில் ஆண் பெண்ணை விடாமல் பின்தொடரும், பெண் கூழாங்கல்லைக் கிளறிக் குழி பண்ணும். வழக்கத்தைவிடச் சற்றுக் குளிர்ந்த தண்ணீரைப் பாதியளவு மாற்றினால், மழை வந்த ஓடை போல, பல நேரம் இது தொடங்கும். எனக்கு மார்கழியில்தான் நடந்தது.

அதன் பிறகு செய்ய வேண்டியது கையைக் கட்டிக்கொண்டிருப்பது. அடிக்கல்லில் சைஃபன் (அழுக்கை உறிஞ்சும் குழாய்) விடாதீர்கள். செம்பு கலந்த மருந்து ஊற்றாதீர்கள். பெரிய மீன்கள் குஞ்சை அவ்வளவாகத் தேடித் தின்பதில்லை, பிரிக்க வேண்டாம். சில வாரம் கழித்து ராத்திரி டார்ச் அடித்துப் பாருங்கள். கண்ணாடியில் அரிசி நீளத்தில் ஏதோ ஒட்டியிருக்கும். அழுக்கு என்று விரலைக் கொண்டுபோனால் சட்டென்று ஓடும்.

குஞ்சு இரண்டு சென்டிமீட்டர் தாண்டியதும் வேறு தொட்டிக்கு மாற்றலாம். வலை போட்டால் கண்ணாடியோடு இன்னும் இறுக ஒட்டும். ஒரு பிளாஸ்டிக் தம்ளரைக் குஞ்சின் மேல் கவிழ்த்து, பழைய ஏடிஎம் கார்டைக் கண்ணாடியோரமாக மெல்ல நுழையுங்கள். தானாகத் தம்ளருக்குள் போய்விடும்.