வெயில் காலத்தில் முயலுக்குப் புழு வைக்காமல் பார்த்துக்கொள்வது எப்படி?

வீட்டில் முயல் இருந்தால் காலையில் ஒரு தடவை, சாயங்காலம் ஒரு தடவை அதைத் தூக்கிப் பின்பக்கத்தைப் பாருங்கள். கண்ணால் பார்த்தால் மட்டும் போதாது, வாலுக்கு அடியில் முடியை விலக்கி விரலால் தடவ வேண்டும். ஈ முட்டை குருணையைவிடச் சின்னதாக, வெளிர் மஞ்சளில், முடியோடு கொத்தாக ஒட்டியிருக்கும். நல்ல வெக்கையில் அது பொரிக்க ஒரு நாள்கூட ஆகாது, பொரித்த புழு உயிரோடு இருக்கும் முயலின் சதையைத் தின்ன ஆரம்பித்துவிடும். நேற்று ஓடியாடிய முயல் இன்று செத்துக்கிடப்பது இப்படித்தான்.

ஈயை இழுப்பது ஈரமும் நாற்றமும். முயல் காய்ந்த புழுக்கை தவிர, குட்டித் திராட்சைக் கொத்து மாதிரி மெத்தென்றும் ஒன்று போடும், அதைக் குனிந்து வாயாலேயே எடுத்துத் தின்றுவிடும். உடம்பு பெருத்த முயலுக்கும், மூட்டு வலிக்கும் வயதான முயலுக்கும் அப்படிக் குனிய முடியாது, அதனால் அது பின்பக்க முடியில் அப்பிக்கொள்ளும். பிஸ்கட், சோறு, நிறைய கேரட் என்று கொடுத்தாலும் இளகிப்போய் இதே கதைதான். சாப்பாட்டில் பெரும்பகுதி புல்லாக இருக்கட்டும், பச்சைப் புல்லோ காய்ந்த புல்லோ. என்னைக் கேட்டால் மருந்தைவிட இதுதான் முக்கியம்.

அழுக்கு ஒட்டியிருந்தால் அந்த இடத்தை மட்டும் வெதுவெதுப்பான நீரில் துடைத்து, ஈரம் துளிகூட இல்லாமல் உலர்த்துங்கள். முழுசாகக் குளிப்பாட்டவே கூடாது, முயல் மிரண்டுவிடும். மூத்திரம் ஊறிய சாக்கையும் தட்டையும் தினமும் மாற்றுங்கள், கூண்டைச் சுற்றிக் கொசுவலை கட்டுங்கள். உடம்பில் சின்னக் காயம் இருந்தாலும் ஈ விடாது, அதையும் பாருங்கள்.

சரி, புழுவைப் பார்த்துவிட்டீர்கள் என்றால்? அது ராத்திரியாக இருந்தாலும் விடியட்டும் என்று காத்திருக்காமல் கால்நடை மருத்துவரிடம் ஓடுங்கள். கிளம்புவதற்குள் கண்ணில் படுவதை இடுக்கியால் எடுக்கலாம். மாட்டுப் புண்ணில் வைப்பதுபோல டர்பன்டைன், அந்துருண்டைத் தூள் எதையும் வைக்காதீர்கள், முயல் நக்கிவிடும். நாய்க்கு உண்ணி போக ஊற்றும் ஃபிப்ரோனில் முயலையே கொன்றுவிடும். நிறைய கிளினிக்குகளில் நாய், பூனை மட்டும்தான் பார்க்கிறார்கள், அதனால் முயலுக்கு வைத்தியம் தெரிந்த மருத்துவரின் நம்பரை இன்றைக்கே விசாரித்து வாங்கி வைத்துவிடுங்கள்.